கணினிக்கு வயதாகவில்லை, சுமை கூடிவிட்டது



பள்ளி முடிந்த ஒரு நாள் பிற்பகலில், நான்காம் படிவ மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பழைய மடிக்கணினி. அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கியது. "சார், இதைத் திறந்தால் நான் போய்க் குளித்துவிட்டு வரலாம். அவ்வளவு நேரம் எடுக்கிறது. வயதாகிவிட்டது, தூக்கிப் போடு என்று கடைக்காரர் சொல்கிறார். அப்பா தவணையில் புதியது வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆனால் வீட்டில் ஏற்கனவே இரண்டு தவணை ஓடுகிறது" என்றாள்.

அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வயதாகிவிட்டது என்று யார் அளந்து பார்த்தார்கள்?"

செமோரிலும் சுற்று வட்டாரத்திலும் பல வீடுகளில் இப்படி ஒரு கணினி அலமாரி மேல் கிடக்கிறது. சில வீடுகளில் 2010களின் தொடக்கத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த '1மலேசியா நெட்புக்' கூட இருக்கலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். அதனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகள் பலவும் குப்பைக்குப் போகும் வரிசையில் நிற்கின்றன. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறக்குறைய 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு.

இந்த வாரப் பாடம், அப்படிப்பட்ட ஒரு கணினியில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை மிகச் சிறிய அளவில் நிறுவி, அதை விரைவாக இயங்கச் செய்வது எப்படி என்பதாகும். ஆனால் கணினியைத் தொடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தாமதம் எங்கே ஏற்படுகிறது?

மனிதனைப்போல் செயலி மூப்படைந்து மெதுவாவதில்லை. 10 ஆண்டுக்கு முன் ஒரு விநாடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, தூசு அடைத்துச் சூடேறாதவரை இன்றும் அத்தனை போடும். மாறியது, அதன் மேல் நாம் ஏற்றும் வேலை.

உங்கள் தாத்தா, பாட்டி பால்மரம் வெட்டியவர்களாக இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் மரம் சீவி, பிறகு ஒவ்வொரு மங்கிலும் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போவார்கள். வாளி நிறைந்தால் ஸ்டோருக்குச் சுமந்து போய்க் கொட்டிவிட்டு வரவேண்டும். வாளி பெரிதாக இருந்தால் நடை குறையும். வாளிக்குள் பாதி அளவு கல்லைப் போட்டு வைத்தால்? கை அதே வேகத்தில்தான் வேலை செய்யும். ஆனால் நாள் முழுவதும் ஸ்டோருக்கு நடப்பதிலேயே போய்விடும்.

கணினியில் செயலிதான் அந்தக் கை. ரேம் எனப்படும் நினைவகம்தான் வாளி. ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுதான் ஸ்டோர். நீங்கள் கேட்காமலே பின்னணியில் ஓடும் நிரல்கள் வாளியில் கிடக்கும் கற்கள். நினைவகம் நிறைந்துவிட்டால், அதிலுள்ளவற்றின் ஒரு பகுதியை வன்தட்டுக்கு நகர்த்தி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். இதற்கு 'ஸ்வாப்' என்று பெயர்.

இந்த நடை எவ்வளவு தூரம்? கணக்குப் போடுவோம். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோவிநாடி ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1,00,000 மடங்கு. அதாவது, நினைவகத்திலிருந்து எடுப்பது 1 விநாடி என்று வைத்துக்கொண்டால், வன்தட்டிலிருந்து எடுப்பது 1,00,000 விநாடி. ஏறக்குறைய 28 மணி நேரம்! எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டுக்குச் சுமார் 0.1 மில்லிவிநாடி போதும். அதே கணக்கில் அது 17 நிமிடம்.

ஆகவே பழைய கணினியை வேகமாக்குவது என்றால், வாளியிலிருந்து கற்களை எடுத்து நடையைக் குறைப்பதுதான். இந்தப் பாடத்தின் மற்ற எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

அறிவியல் செயற்பாங்குத் திறனில் முதலில் கற்பது உற்று நோக்கலும் அளத்தலும்தானே? அதையே இங்கும் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்.

ஒன்று, பொத்தானை அழுத்தியது முதல் உலாவி திறந்து ஒரு பக்கம் தெரியும்வரை எத்தனை விநாடி? கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரம் போதும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டு, எதையும் திறக்காதபோது நினைவகத்தில் எவ்வளவு பயன்பாட்டில் உள்ளது? விண்டோசில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பார்க்கலாம்.

மூன்று, அதே இடத்தில் வட்டின் பயன்பாடு எத்தனை விழுக்காடு? நினைவகம் ஏறக்குறைய நிறைந்து, வட்டும் நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றால், உங்கள் கணினி ஸ்டோருக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த மாணவியின் கணினியில் இருந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும். தொடங்குவதற்கு 4 நிமிடம் 20 விநாடி ஆனது. ஒன்றும் திறக்காமலே நினைவகத்தின் பெரும்பகுதி போயிருந்தது. செயலியோ பெரும்பாலான நேரம் சும்மா இருந்தது. அவளே சொன்னாள்: "சார், மூளை சும்மாதான் இருக்கு. கால்தான் ஓடுது."

லினக்ஸ் என்பது என்ன?

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக அறிவித்தார். அவர் எழுதியது 'கெர்னல்' என்னும் உட்கரு. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, செயலியை யாருக்கு எப்போது விடுவது என்று முடிவு செய்யும் பகுதி அது. அதற்கு முன்பே, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் வழியாகப் பல கருவி நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாக வளர்ந்தன. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும், பள்ளிகளில் பார்த்திருக்கும் குரோம்புக்குக்குள்ளும் இருப்பது லினக்ஸ் உட்கருதான். ஆகவே நீங்கள் ஏற்கனவே லினக்ஸ் பயனர்கள்.

நமக்கு வேண்டிய பாடம் அதன் அமைப்பில் இருக்கிறது. உட்கரு ஓர் அடுக்கு. அதன் மேல் திரையில் படம் வரையும் அடுக்கு. அதன் மேல் சாளரங்களை நகர்த்தும் சாளர மேலாளர். அதன் மேல் பணிப்பட்டை, கோப்பு மேலாளர், உலாவி. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே மாற்றலாம். வேண்டாததை வைக்காமலும் விடலாம். இந்த அடுக்குகளைத் தேர்ந்து தொகுத்துத் தருபவற்றுக்கு வழங்கல்கள் என்று பெயர். 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் பழைமையானவற்றில் ஒன்று.

மேசைச்சூழல்களில் ஜினோம், கேடிஇ ஆகியவை அழகும் வசதியும் மிக்கவை. அவற்றுக்கு நினைவகம் கூடுதலாக வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி ஆகியவை எளியவை. ஐஸ்டபிள்யூஎம் போன்ற சாளர மேலாளர்கள் இன்னும் சிறியவை. எல்எக்ஸ்க்யூடியின் முன்னோடியான எல்எக்ஸ்டிஇயைத் தொடங்கியவர் தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ. பழைய கணினிகளிலும் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இது விளையாட்டு முயற்சியா?

சிலர் வீட்டில் "இதெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் மாம்பு என்னும் அரசாங்க நவீனமயத் திட்டப் பிரிவு, 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. இந்தியாவில் சிடாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை, டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் இந்த பாஸ் லினக்சும் இடம்பெற்றது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே லினக்சில்தான் நடக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. கணினித் தமிழில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையை லினக்சிலும் பயன்படுத்தலாம். ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலும் அதனுடன் எம்17என் தொகுப்பும் இருந்தால் போதும். டெபியனை நிறுவும்போது அதன் வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியலிலேயே தமிழ் இருக்கும். அந்த ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் யாரோ ஒரு தன்னார்வலர் தம் ஓய்வு நேரத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

தொடங்குமுன், நான் செய்த தவறு

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்தப் பாடம் முழுமையாகாது.

ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் நான் முதன்முதலாக லினக்ஸ் நிறுவியது என் அத்தை வீட்டுக் கணினியில். "மெதுவாக இருக்கிறது, பார்த்துக் கொடு ஐயா" என்று அத்தை கேட்டார். எனக்கு ஒரே உற்சாகம். நிறுவி ஒரு கேள்வி கேட்டது. வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா என்பது அதன் பொருள். நான் சரியாகப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். அரை மணி நேரத்தில் கணினி பறந்தது. பெருமையாக அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அத்தை கேட்டார்: "தோட்டத்துப் படமெல்லாம் எங்கே ஐயா?"

அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன், கடைசித் திருவிழாவில் எடுத்த படங்கள் அந்த வட்டில் இருந்தன. லயன் வீடுகள், கோயில், பால் நிறுத்த ஸ்டோர், அவர் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்த படம். வேறு எங்கும் நகல் இல்லை. சிலவற்றை மீட்க முயன்றேன். மேலெழுதப்பட்ட இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் தோட்டமும் இப்போது இல்லை, திரும்பப் போய் எடுக்க.

"போனால் போகட்டும் ஐயா. நீ வேண்டுமென்றா செய்தாய்?" என்றார் அத்தை. அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

ஆகவே முதல் விதி: நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள். படங்கள், ஆவணங்கள், அண்ணனின் பழைய பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். பிறகு அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகலே அல்ல. கணினி யாருடையதோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதில் வேண்டியது வேறு ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். இதற்கு ஒரு நாள் முழுவதும் ஆனாலும் சரி.

நிறுவும் முறை

படி 1. கணினியின் தன்மையை அறியுங்கள். விண்டோசின் அமைப்புகளில் கணினி பற்றிய பக்கத்தில் 64 பிட் அல்லது 32 பிட் என்று இருக்கும். 64 பிட் என்றால் டெபியன் 13 பொருந்தும். அந்தப் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை டெபியன் நிறுத்திவிட்டது. 32 பிட் மட்டுமே உள்ள பழைய நெட்புக் என்றால் டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் போன்ற சிறிய வழங்கலைப் பார்க்க வேண்டும். டெபியன் 12இன் கையேடு மேசைச்சூழலுக்குக் குறைந்தது 1 ஜிகாபைட் நினைவகமும், பரிந்துரையாக 2 ஜிகாபைட்டும், 10 ஜிகாபைட் வட்டிடமும் கேட்கிறது. மேலே சொன்ன விண்டோஸ் 11இன் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2. பதிவிறக்குங்கள். டெபியனின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' பதிப்பு, எல்எக்ஸ்க்யூடியுடன். மற்றொன்று 'நெட்இன்ஸ்ட்' என்னும் சிறிய நிறுவி. இது 1 ஜிகாபைட்டுக்கும் குறைவு. வேண்டியதை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

படி 3. சரிபாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்னும் 64 எழுத்துக் குறியீடு தளத்தில் தரப்பட்டிருக்கும். அது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முழுவதும் மாறிவிடும். விண்டோசிலேயே உள்ள செர்ட்யுட்டில் கட்டளையால் உங்கள் கோப்பின் குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடலாம்.

படி 4. 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் லைவ் பதிப்பை எழுதுங்கள். ரூஃபஸ் போன்ற இலவச நிரல் போதும். பென் டிரைவில் உள்ளவை அழியும் என்பதை மறவாதீர்கள்.

படி 5. ஓட்டிப் பாருங்கள். கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்று, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலைத் திறக்கும். விசை கணினிக்குக் கணினி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சரிவராவிட்டால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

படி 6. நிறுவுங்கள். எல்லாம் சரி என்றால், அதே பென் டிரைவில் நெட்இன்ஸ்ட் கோப்பை எழுதி மீண்டும் தொடங்குங்கள். முடிந்தால் இணையக் கம்பியை நேரடியாகச் செருகுங்கள். வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். என் அத்தையின் படங்கள் போனது இந்தத் திரையில்தான். பிறகு மென்பொருள் தேர்வுத் திரை வரும். நம் பாடத்தின் மையம் அதுதான். ஜினோமுக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டு எல்எக்ஸ்க்யூடிக்கு மட்டும் குறியிடுங்கள். நினைவகம் 1 ஜிகாபைட் மட்டும் என்றால், எந்த மேசைச்சூழலையும் தேராமல் நிறுவி, பிறகு ஐஸ்டபிள்யூஎம்மைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுமையை மேலும் குறைத்தல்

நிறுவியாயிற்று. இனி மெருகேற்றுவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு அளங்கள். சோதனையில் தற்சார்பு மாறியை ஒன்றாக வைத்துக்கொள்வது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தை ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முனையத்தைத் திறந்து 'ஃப்ரீ' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் எஃப், ஆர், இ, இ என்று தட்டச்சு செய்யுங்கள். நினைவகக் கணக்கு வரும். இங்கே பலர் ஏமாறுவார்கள். 'வெறுமையாக உள்ளது' என்னும் பத்தியில் சிறிய எண் இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும் நினைவகத்தை லினக்ஸ், வட்டிலிருந்து படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும். வேறு நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியில் உள்ள 'கிடைக்கக்கூடியது' என்னும் எண். நினைவகத்தைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் நிரல்கள் இந்தக் கோப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மீண்டும் ஸ்டோருக்கு நடக்க வைக்கும்.

அடுத்து, தொடக்கத்தில் தானாக ஓடும் சேவைகள். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்னும் கட்டளை, ஒவ்வொரு சேவையும் தொடக்கத்தில் எடுத்த நேரத்தை வரிசைப்படுத்திக் காட்டும். வீட்டில் அச்சுப்பொறி இல்லையா? அச்சுச் சேவையை நிறுத்தலாம். புளூடூத் பயன்படுத்துவதில்லையா? அதையும் நிறுத்தலாம். பெயர் புரியாத சேவை என்றால், அது என்ன என்று தேடிப் படித்த பிறகே தொடுங்கள்.

மூன்றாவது, இசட்ரேம். தோட்டத்தில் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து நீரைப் பிழிந்து மெல்லிய சீட்டாக்குவார்கள். அதே ரப்பர், குறைந்த இடம். இசட்ரேமும் அப்படித்தான். நினைவகம் நிறையும்போது, உடனே வேண்டாதவற்றை வட்டுக்கு அனுப்பாமல், நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும். சுருக்கவும் விரிக்கவும் செயலி உழைக்க வேண்டும். ஆனால் செயலிதான் சும்மா இருந்ததே! 28 மணி நேர நடைக்குப் பதில் சிறிது நேர உழைப்பு என்றால் அது லாபம்தான்.

நான்காவது, உலாவி. இன்று கணினியில் மிகப் பெரிய கல் இதுதான். ஒவ்வொரு தத்தலும் நினைவகம் கேட்கும். 15 தத்தல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இயங்குதளத்தைக் குறை சொல்ல முடியாது. வேண்டியதை மட்டும் திறங்கள். விளம்பரம் தடுக்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்தால் பக்கங்களின் எடையும் குறையும்.

ஐந்தாவது, காசு செலவழிக்க முடிந்தால், புதிய கணினிக்கு முன் ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். சுழலும் வட்டை மாற்றினால் 28 மணி நேரம் 17 நிமிடமாகிறது என்று மேலே கணக்கிட்டோம். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தராது.

எதைக் குறைக்கக் கூடாது?

சிறிதாக்கும் ஆசையில் சிலர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிடுவார்கள். அது கூடாது. வாரம் ஒரு முறையாவது புதுப்பியுங்கள். அதேபோல், நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் கட்டளையை எங்கோ பார்த்து, பொருள் தெரியாமல் ஒட்டாதீர்கள். பெயரில்லாத புட்டியில் உள்ள திரவத்தை ஆய்வுக்கூடத்தில் கலக்க உங்களை நான் விடுவேனா?

எதிர்பார்ப்பிலும் நேர்மை வேண்டும். டெலிமா தளம், கூகுள் வகுப்பறை, கேன்வா ஆகியவை உலாவியில் ஓடும். கட்டுரை, அட்டவணை, படவில்லை ஆகியவற்றுக்கு லிப்ரேஆபிஸ் போதும். ஆனால் மைக்ரோசாப்ட் கோப்புகளைத் திறக்கும்போது சில இடங்களில் அமைப்பு நகர்ந்திருக்கும். ஆசிரியரிடம் அனுப்புமுன் பிடிஎஃப்பாக மாற்றிவிடுங்கள். இணைய விளையாட்டுகளில் பல ஓடா. உயர்தரக் காணொளியைப் பழைய செயலி திக்கித் திக்கிக் காட்டும். 1 ஜிகாபைட் நெட்புக்கில் உலாவி சிரமப்படத்தான் செய்யும். தட்டச்சுக்கும் நிரலாக்கப் பயிற்சிக்கும் அது உதவும், எல்லாவற்றுக்கும் அல்ல. லினக்ஸ் சுமையைத்தான் குறைக்கும், வாளியைப் பெரிதாக்காது.

என்ன ஆயிற்று?

அந்த மாணவி நகலெடுக்கவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அண்ணனை உட்கார வைத்துக் கேட்டபோது, அவர் மறந்துபோன ஒரு கோப்புறை கிடைத்ததாம். பிறகு நிறுவினாள். முதல் முறை வைஃபை கிடைக்கவில்லை. மறுநாள் கம்பி வழி முயன்று சரிசெய்தாள். எஸ்எஸ்டி வாங்கவில்லை. அதே வன்தட்டுதான். ஒரு வாரம் கழித்து அளவுத் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். தொடக்க நேரம் 4 நிமிடம் 20 விநாடியிலிருந்து 1 நிமிடம் 5 விநாடியாகக் குறைந்திருந்தது. தாளின் அடியில் ஒரு வரி: "யூடியூப் 1080 சரியாக ஓடவில்லை. 480 ஓடுகிறது." அந்த வரிக்காகவே அவளைப் பாராட்டினேன். தனக்குச் சாதகமில்லாத முடிவையும் எழுதுபவர்தான் அறிவியல் மாணவர்.

மூன்றாவது தவணை அவள் வீட்டுக்கு வரவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கணினியின் தொடக்க நேரம், நினைவகப் பயன்பாடு, வட்டுப் பயன்பாடு ஆகிய மூன்றையும் மூன்று முறை அளந்து அட்டவணையிடுக. தாமதம் செயலியாலா, நினைவகத்தாலா, வட்டாலா என்று ஊகித்துக் காரணம் எழுதுக.

2. தானாகத் தொடங்கும் நிரல்களில் வேண்டாத ஒன்றை மட்டும் நிறுத்தி, மீண்டும் அளக்க. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றைக் குறிப்பிடுக.

3. நினைவகத்திலிருந்து எடுக்க 100 நானோவிநாடியும், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 0.1 மில்லிவிநாடியும் ஆகும் என்றால், வேறுபாடு எத்தனை மடங்கு? வழிமுறையுடன் காட்டுக.

4. வீட்டிலுள்ள பழைய படங்களில் நகல் இல்லாதவை எவை என்று பெரியவர்களிடம் கேட்டு, இந்த வாரமே ஒரு நகல் எடுத்து வைக்க. லினக்ஸ் நிறுவாவிட்டாலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம்.